சிகாகோவில் ஆறு பேர், ஐந்து நாள்

2024 மே மாதம் அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் தங்கினார்கள். நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸில். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய ஊருக்குப் போகலாம் என்று பேச்செடுத்தபோது அப்பா யோசிக்கவே இல்லை. "சிகாகோ போலாம் மக்களே" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். கன்னியாகுமரிக் கடலுக்குள் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்தை 1970இல் திறந்தபோது அப்பா கல்லூரி மாணவர். படகில் போய் வந்ததை இன்றைக்கும் சொல்வார். அந்தப் பாறையில் தவமிருந்தவர் அடுத்த ஆண்டே, 1893 செப்டம்பர் 11 அன்று, சிகாகோவில் நடந்த சர்வமத மாநாட்டில் எழுந்து நின்று பேசினார். அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஐம்பது வருட ஆசை.

ஒரு தாளை எடுத்து ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ஒரே ஒரு ஆசையை எழுதச் சொன்னேன். பதினொரு வயது மகன் டைனோசர் என்று எழுதினான். ஆறு வயது மகளுக்குக் கண்ணாடித் தரையில் நிற்க வேண்டும். கணவருக்குப் படகில் போய்க் கட்டிடங்களைப் பார்க்க ஆசை. அப்பா விவேகானந்தர் என்று எழுதினார். அம்மா ஒன்றும் எழுதவில்லை. "எங்க வேணா கூட்டிட்டுப் போ. ரொம்ப நடக்க வைக்காதே, அது போதும்" என்றார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவர் பெயருக்கு எதிரே தாள் வெறுமையாகவே இருந்தது.

முதல் சிக்கல் தேதி. கணவருக்கு ஆகஸ்ட் முதல் வாரம் தோதாக இருந்தது. ஓட்டல் வாடகையைப் பார்த்தால், அதற்கு முந்தைய வாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். விசாரித்ததில், ஆகஸ்ட் 1 முதல் 4 வரை கிராண்ட் பார்க்கில் லொல்லபலூசா இசைவிழா நடப்பது தெரிந்தது. சரி, மூன்றாவது வாரம் பார்க்கலாம் என்றால், 19ஆம் தேதி ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு தொடங்குகிறது. ஜூலை முதல் வாரமோ அதே பூங்காவைச் சுற்றிய சாலைகளையெல்லாம் அடைத்து நாஸ்கார் கார்ப் பந்தயம். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது போல ஒவ்வொரு நாளாகக் கழித்துக் கொண்டே வந்து, ஜூலை 21 ஞாயிறு முதல் 26 வெள்ளி வரை என்று முடிவு செய்தோம். ஞாயிறு இரவு முதல் வியாழன் இரவு வரை வாடகை வார இறுதியை விடக் குறைவாக இருந்தது, அதுவும் வசதியாகப் போயிற்று. அமெரிக்காவில் எந்தப் பெரிய ஊருக்குப் போவதானாலும் அந்த வாரத்தில் அங்கே என்ன விழா, என்ன மாநாடு என்று பார்த்த பிறகுதான் ஓட்டல் பக்கமே போக வேண்டும் என்று அப்போது புரிந்தது.

அடுத்தது தங்கும் இடம். புறநகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பாதி விலைக்கு அறை கிடைத்தது. கிட்டத்தட்ட பதிவு செய்துவிட்டேன். அப்புறம் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தேன். காலையில் ஊருக்குள் போனால் இரவுதான் திரும்ப முடியும். நடுவில் அம்மா காலை நீட்டிப் படுக்க இடம் இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே நகரின் நடுவில், ஆற்றுக்கு வடக்கே, சின்னச் சமையல்மேடையோடு இரண்டு அறைகள் எடுத்தோம். சிகாகோவில் அந்த ஆண்டு ஓட்டல் வரி மட்டும் 17.4 சதவீதமாக இருந்தது. திரையில் காட்டும் வாடகையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. இதற்கு மேல் 'வசதிக் கட்டணம்' என்று ஒரு இரவுக்கு இவ்வளவு என அறைக்கு அறை போட்டிருந்தார்கள். பதிவு செய்யும்போது அது பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டு, சரி என்றும் சொல்லியிருந்தார்கள். போய் இறங்கியபோது அப்படி அறை காலியில்லை என்றார்கள். ஒரே மாடியில் எதிரெதிர் அறைகள் கிடைத்ததால் சமாளித்தோம். ஆனாலும் வருத்தம்தான். வயதானவர்களோடு போகும்போது இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டலிலேயே கார் நிறுத்த ஓர் இரவுக்கு அறுபது டாலருக்கு மேல். நான்கு தெரு தள்ளி ஒரு நிறுத்துமிடத்தில் ஐந்து இரவுக்கும் முன்பதிவு செய்ததில் பாதிக்கும் குறைவாகவே ஆனது. வெள்ளிக்கிழமை வரை காரைத் தொடவே இல்லை.

எந்த நாளில் எங்கே என்பதைத் தீர்மானிக்கத்தான் மூன்று இரவு பிடித்தது. என் முதல் பட்டியலில் பதினான்கு இடங்கள் இருந்தன. கணவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை உங்க அம்மா கூட நடந்து பாரு" என்றார். அவர் சொன்னது சரி. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவின் நாளிலிருந்து தொடங்கினேன். காலை பத்து மணிக்கு ஒரு பெரிய இடம். ஒன்றரைக்குச் சாப்பாடு. இரண்டிலிருந்து நாலரை வரை அறையில் ஓய்வு. மாலையில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வெளியில் ஓர் இடம். ஒரு நாளைக்கு இரண்டு. அதற்கு மேல் எது வந்தாலும் அடித்துவிட வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் இருக்கும் அறிவியல் அருங்காட்சியகம் போயிற்று, ஷெட் மீன் காட்சியகம் போயிற்று, கோளரங்கம் போயிற்று. மகன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, விட்டதையெல்லாம் அடுத்த முறைக்கு என்று அவனையே எழுதச் சொன்னேன்.

அந்தக் காலஅட்டவணையிலும் பெரிய தவறு ஒன்று இருந்தது. அப்பாவின் ஆசையை முதலில் முடித்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமையில் போட்டிருந்தேன். விவேகானந்தர் பேசிய கட்டிடம் இன்று சிகாகோ கலைக்கூடம், ஆர்ட் இன்ஸ்டிட்யூட். அங்கே அப்போது செவ்வாயும் புதனும் விடுமுறை. டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. நேரே போய்ப் பூட்டிய கதவின் முன் அப்பாவை நிறுத்தியிருப்பேனே என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. வியாழனுக்கு மாற்றினேன். அன்றைக்கு இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். பதினான்கு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அனுமதி இலவசம்.

போக்குவரத்துக்கு 'எல்' ரயிலும் பேருந்தும். அப்போது மூன்று நாள் பாஸ் 15 டாலர், ஒரு நாள் பாஸ் 5 டாலராக இருந்தது. ஏழு வயதுக்குக் கீழே காசில்லை. இந்த 'எல்' ரயில் நகரின் நடுவில் பெரும்பாலும் தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ஓடுகிறது. ஏறிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது. கலைக்கூடத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஆடம்ஸ் வாபாஷ் நிலையத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளியிருக்கும் வாஷிங்டன் வாபாஷில் இருக்கிறது. வரைபடத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட நிலையங்களை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்தேன். ஆனால் அங்கே போனபின் நாங்கள் பெரும்பாலும் பேருந்தில்தான் போனோம். ஓட்டுநர் அம்மாவைப் பார்த்ததும் வண்டியை நடைபாதைப் பக்கமாகத் தாழ்த்திக் கொடுப்பார். அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

கொலம்பஸிலிருந்து ஆறு மணி நேரக் கார்ப் பயணம். இண்டியானாபொலிஸ் தாண்டி வடக்கே போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். அப்பா சட்டென்று நிமிர்ந்து, "ஆரல்வாய்மொழி மாதிரியே இருக்கு" என்றார். அதன்பின் அவர் தூங்கவே இல்லை. வழியில் ஒரு மணி நேரம் லாபம். சிகாகோவின் கடிகாரம் எங்களுடையதை விட ஒரு மணி பின்தங்கியது. நேரம் குறித்த டிக்கெட்டுகள் எல்லாம் அந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும், கிளம்பும் முன்பே கவனித்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை ஃபீல்டு அருங்காட்சியகம். நுழைவிலேயே சக்கர நாற்காலி இலவசமாகக் கொடுத்தார்கள். சூ என்ற டைனோசரின் எலும்புக்கூட்டின் முன்னால் மகன் நாற்பது நிமிடம் நின்றான். 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்தது, எலும்புகளில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் அசல் என்று அவனே எங்களுக்கெல்லாம் விளக்கினான். மாலையில் மில்லேனியம் பார்க். எல்லாரும் 'பீன்' என்று சொல்லும் அந்தப் பளபளக்கும் சிற்பத்தைச் சுற்றிப் பல மாதம் வேலை நடந்து, ஜூன் கடைசியில்தான் அந்த இடத்தை மறுபடி திறந்திருந்தார்கள்.

செவ்வாய் காலை ஆற்றில் படகு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்க்கலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வழிகாட்டிப் பெண்மணி 1871 தீவிபத்தில் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்ததையும், அந்தச் சாம்பலிலிருந்து உயரக் கட்டிடங்கள் வந்ததையும் சொன்னார். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1900இல் இந்த ஆறு ஓடும் திசையையே மாற்றினார்கள் என்றதும் மகனை மொழிபெயர்க்கச் சொன்னார். ஊர்க் கழிவு ஆற்றில் கலந்து மிச்சிகன் ஏரிக்குப் போயிற்று, குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான். அதனால் 28 மைல் கால்வாய் வெட்டி, ஆறு ஏரியை விட்டு எதிர்ப்பக்கம் ஓடும்படி செய்தார்கள். அப்பா படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வில்லிஸ் கோபுரம். டிக்கெட்டை வானிலை பார்த்து முந்தின இரவுதான் எடுத்தேன். மேகம் இறங்கினால் மேலே ஒன்றும் தெரியாது. 103ஆம் மாடியில், கட்டிடத்துக்கு வெளியே நீட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் தயங்காமல் போய் நின்றாள், நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த 110 மாடியையும் தாங்கும் அமைப்பை வடிவமைத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்று அப்பாவிடம் சொன்னேன்.

புதன் காலை லிங்கன் பார்க் விலங்குக்காட்சி சாலை. நுழைவுக் கட்டணமே கிடையாது, 151ஆம் எண் பேருந்து பக்கத்திலேயே இறக்கிவிடும். இரவு ஒன்பது மணிக்கு நேவி பியரில் வாணவேடிக்கை. கோடையில் புதனும் சனியும் உண்டு. அதற்கு முன்னால் மிச்சிகன் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அலை அடிக்கிறது, மறுகரை தெரியவில்லை. அம்மா மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "கடல் மாதிரிதான் இருக்கு. உப்பு வாசம்தான் வரல்ல" என்றார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் அறையிலேயே சோறு வைத்துத் தயிர்சாதமும் எலுமிச்சைசாதமும் கட்டிக்கொண்டோம். ஒரு இரவு டெவன் அவென்யூ போய்த் தோசை. ஒரு இரவு பிள்ளைகளுக்காகக் கனத்த பீட்ஸா. அது வெந்து வர முக்கால் மணி ஆகும், பசிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வியாழன் அன்று அப்பா காலை ஆறு மணிக்கே குளித்து வேட்டி கட்டித் தயாராக இருந்தார். கலைக்கூடம் திறப்பதே பதினொரு மணிக்கு. வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். "இதுகள அவர் பார்த்திருப்பாரா?" என்று கேட்டார். சிங்கங்கள் 1894இல்தான் வந்தன, பார்த்திருக்க மாட்டார். அவர் பேசிய மண்டபமும் மாநாட்டுக்காகத் தற்காலிகமாக எழுப்பியது, இன்று இல்லை. கட்டிடம் அதேதான். உள்ளே ஃபுல்லர்டன் அரங்கத்தின் வாசலில் நின்றோம். அப்பா மகனிடம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியது, ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி உதவியது, விவேகானந்தர் ஜூலை கடைசியில் இங்கே வந்து இறங்கியபின் மாநாடு செப்டம்பரில்தான் என்று தெரிந்தது, ஊரின் செலவு தாங்காமல் பாஸ்டன் பக்கம் போனது. "நாமும் ஜூலை கடைசியிலதான வந்திருக்கோம் தாத்தா" என்றான் மகன். அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை.

அங்கிருந்து அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். ஆசியக் கலைப் பகுதியில் பெரிய கருங்கல் புத்தர் ஒருவர் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த குறிப்பைப் படித்தேன். நாகப்பட்டினம், 12ஆம் நூற்றாண்டு. அம்மா பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினத்தில். அப்பாவைக் கட்டிக்கொண்டுதான் தெற்கே வந்தார். சோழர் காலத்தில் அங்கே பெரிய புத்த விகாரம் இருந்ததைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அந்த ஊர்க் கல் இங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் தாளில் அது இல்லவே இல்லை.

ஊர்ப் பெயரை வாசித்துச் சொன்னதும் அம்மா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். புத்தரின் முன்னால் போய், தானாகவே நின்றார். கைகூப்பவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு மணி ஓய்வுக்கு அறைக்குத் திரும்ப வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டார்.

நாற்காலியைப் புத்தருக்கு எதிரே திருப்பிப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.