மேரா சிகரத்துக்கு முன் எத்தனை இரவுகள்

மேரா சிகரத்துக்குப் போய் வந்த பிறகு என்னைச் சந்திக்கும் நண்பர்கள் முதலில் செலவைக் கேட்கிறார்கள். அடுத்து உச்சியில் என்ன தெரிந்தது என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். ஆனால் நான் புறப்படுவதற்கு முன் எந்தப் பயண நிறுவனத்திடமும் கேட்காமல் விட்ட கேள்வி வேறு. 5,000 மீட்டர் உயரத்தில் படுப்பதற்கு முன்பு எத்தனை இரவுகள், எந்தெந்த உயரங்களில் உறங்கப் போகிறோம் என்பதுதான் அது. அதைக் கேட்டிருந்தால் எங்கள் ஐவரில் ஒருவர் கரே முகாமிலிருந்து இருட்டில் கீழே இறக்கப்பட வேண்டிய நிலை வந்திராது என்று இன்றும் நம்புகிறேன்.

மேரா நேபாளத்தின் சோலுகும்பு மாவட்டத்தில், ஹின்கு பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறது. நேபாள மலையேறுவோர் சங்கம் அனுமதி வழங்கும் 'டிரெக்கிங் பீக்' எனப்படும் சிகரங்களில் மிக உயரமானவற்றில் இது ஒன்று, 6,476 மீட்டர். அந்தப் பெயரைக் கேட்டு நடந்தே ஏறிவிடலாம் என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். பெரிய சிகரங்களுக்கு உரிய விரிவான அரசு நடைமுறைகள் இல்லாமல், எளிய அனுமதியோடு ஏறலாம் என்பதைக் குறிக்கும் நிர்வாகப் பிரிவு அது. மலையின் ஆபத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேராவின் நடுச் சிகரத்தில் 1953 மே 20 அன்று ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் முதன்முதலில் ஏறினார்கள். அந்த ஆண்டின் எவரெஸ்ட் குழுவுக்கு ஆக்சிஜன் உருளைகளைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு ராபர்ட்ஸுடையது. அந்த வேலையை முடித்துவிட்டு அவர் இந்தப் பக்கம் வந்தார். ஒன்பது நாள் கழித்து எவரெஸ்டில் மனிதர் கால் பட்டது.

லுக்லாவிலிருந்து மேராவுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தெற்கே சுற்றிப் பாங்கோம், சத்ரா கோலா வழியாகக் காடுகளுக்குள் ஏறி இறங்கி, நாலைந்து நாள் கழித்துக் கோத்தே என்ற ஊரை அடைவது. இந்த வழியில் இரவுகள் பெரும்பாலும் 3,000 மீட்டரை ஒட்டியே கழியும். மற்றொன்று, லுக்லாவுக்கு நேர்மேலே நிற்கும் ஜத்ரவா லா கணவாயைத் தாண்டி நேராக ஹின்குவுக்குள் இறங்குவது. இது சில நாள்களை மிச்சப்படுத்தும். ஆனால் அந்தக் கணவாயின் உயரம் 4,610 மீட்டர். லுக்லாவோ 2,850 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. திரும்பி வரும்போது, உடல் நன்கு பழகிய நிலையில், இந்தக் கணவாயைக் கடப்பதில் தவறில்லை. போகும்போது மூன்றாம் நாளே இதைக் கடப்பது உடலைக் கேட்காமல் எடுக்கும் முடிவு. எனக்கு விற்கப்பட்ட பயணத் திட்டம் அந்த இரண்டாவது வழியில் அமைந்தது. அலுவலக விடுப்புக்குள் அடங்குகிறதே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

உயரத்தில் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் தவறென்று விளங்கும். 5,500 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். உடல் உடனே வேகமாக மூச்சு வாங்கத் தொடங்குகிறது. வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. கூடியதும் மூளை மூச்சைக் குறைக்கச் சொல்கிறது. இரவில் உறங்கும்போது இந்த இழுபறியைக் கண்முன்னே பார்க்கலாம். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் மூச்சு மெல்ல மெல்ல வேகமெடுத்து, பிறகு சட்டென்று நின்று, பத்து விநாடி கழித்து ஒரு பெருமூச்சோடு மீண்டும் தொடங்கும். சிறுநீரகங்கள் அந்தக் காரத்தை வெளியேற்றிச் சமநிலையைக் கொண்டுவரச் சில நாள்கள் பிடிக்கும். டயமாக்ஸ் மாத்திரை அந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. நாள்களுக்கு மாற்றாக அதை விழுங்க முடியாது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்று மலை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

எங்கள் தலைமை வழிகாட்டி ஐம்பதை நெருங்கிய ஷெர்பா. நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைக்கிறார்கள். 'பந்து' என்னும் சொல்லில் வரும் தகரத்தைப் போல மெலிந்து ஒலிக்கும் அந்தச் சொல்லையே நாங்கள் முதல் நாளிலிருந்து அவருக்குப் பெயராகப் பிடித்துக்கொண்டோம். எங்களை அவர் 'பாய்' என்றார், தம்பி என்ற பொருளில். அவர் எங்களிடம் அதிகமாகச் சொன்ன சொல் 'பிஸ்தாரை'. மெதுவாக என்பது அதன் பொருள். ஆளுக்கு இருபது அடி இடைவெளிவிட்டு நடக்கச் சொல்லிவிட்டு அவர் முன்னால் போவார். ஒரு முதியவர் கோவில் பிரகாரம் சுற்றுவது போன்ற அந்த நடையைத் தாண்டி யாரும் முந்த அவர் அனுமதிக்கவில்லை.

கணவாயைத் தாண்டி அன்றிரவு 4,300 மீட்டர் உயரத்தில் துலி கர்க்காவில் தங்கியபோது ஐவருக்கும் தலைவலி. மறுநாள் கோத்தேக்கு இறங்கியதும் அது விலகியது. விலகியதால் நாங்கள் அதை மறந்தோம். கோத்தேயிலிருந்து தங்னாக் வரை வழி ஆற்றை ஒட்டியே போகிறது. பள்ளத்தாக்கின் அடியில் பச்சை எதுவும் இல்லாமல் வெளுத்த பாறைகள் மட்டுமே சிதறிக் கிடக்கின்றன. தங்னாக்குக்கு மேலே இருக்கும் பனியாற்று ஏரி 1998 செப்டம்பர் 3 அன்று கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்ததன் தழும்பு அது. அந்தப் பாறைகளுக்கு நடுவே நடக்கும்போது எங்களில் யாரும் பேசவில்லை.

தங்னாக்கில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும் என்று தாய் விரும்பினார். திட்டத்தில் ஓர் இரவுதான் இருந்தது. மறுநாளே 5,045 மீட்டரில் உள்ள கரேக்கு ஏறினோம். ஒரே நாளில் உறங்கும் உயரம் 700 மீட்டர் கூடியது.

கரேயில் இரண்டாம் நாள் பயிற்சி. பனியில் வழுக்காமல் நடக்க உதவும் உலோக முட்தகடுகளான கிராம்பான்களை பூட்ஸின் அடியில் மாட்டி, பட்டையை இறுக்கி, கால்களை அகற்றி வைத்து நடக்கவும், சரிவில் நிலையாகக் கட்டிவைக்கும் நிலைக்கயிற்றில், மேல்நோக்கி மட்டும் நகரும் ஜூமார் என்ற கைப்பிடியைப் பூட்டி ஏறவும், எட்டு வடிவ வளையத்தில் கயிற்றைச் செருகி இறங்கவும் திரும்பத் திரும்பச் செய்தோம். கையுறையைக் கழற்றாமலே கேரபைனர் என்ற உலோகக் கொக்கியைத் திறந்து பூட்டத் தெரியும்வரை தாய் விடவில்லை. நண்பர் ஒருவர் அன்று காலையிலிருந்தே அதிகம் பேசவில்லை. இரண்டு முறை அவர் கிராம்பானை வலம் இடம் மாற்றி மாட்டினார். களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். தாய் அப்படி நினைக்கவில்லை.

மாலையில் லாட்ஜின் சாப்பாட்டு அறையில், தரைப்பலகைகள் சேரும் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதி மறுகாலின் விரல்நுனியைத் தொடுமாறு அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். எங்களையும்தான் நடக்கச் சொன்னார், நண்பருக்குக் கூச்சம் வரக்கூடாதே என்று. நண்பரின் முறை வந்தபோது மூன்றாவது அடியிலேயே அவர் உடல் இடப்பக்கம் சாய்ந்து, கை மேசையைத் தேடியது. "இன்னொரு முறை நடந்து காட்டு, பாய்" என்றார் தாய். இரண்டாம் முறை இரண்டடிகூட வரவில்லை. தலைவலி, குமட்டலோடு நடை தடுமாறினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். காலை வரை காத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "காலையில் இவரால் நடக்க முடியாது" என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சை முடித்தார்.

இருட்டிய பிறகு ஹெலிகாப்டர் வராது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, ஆக்சிஜன் உருளையோடு, உதவி வழிகாட்டியும் சுமைதூக்கும் இளைஞர் ஒருவரும் அவரை இருபுறமும் தாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். மூன்று ஹெட்லாம்ப் வெளிச்சங்களும் சரிவில் வளைந்து வளைந்து இறங்குவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இளைஞர் கரே வரை எங்கள் பைகளைச் சுமந்து வந்தவர். நேபாள மலைகளில் ஒரு சுமைதூக்கிக்கு 30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது நல்ல நிறுவனங்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. எங்கள் பைகளைத் தலைக்கு 15 கிலோ என்று கட்டியிருந்தோம், இரண்டு பை ஒருவருக்கு. அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மனிதரையே தாங்கிக்கொண்டு அவர் இரவில் இறங்கியதை எந்தச் சான்றிதழும் பதிவு செய்யப்போவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நள்ளிரவுக்கு முன் தங்னாக் சேர்ந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் தொலைபேசியில் செய்தி வந்தது.

மறுநாள் காத்மாண்டு அலுவலகம் மீதி நால்வரையும் திட்டப்படி மேல்முகாமுக்கு நகர்த்தச் சொன்னது. தாய் மறுத்தார். மோசமான வானிலைக்கென்று வைத்திருந்த ஒரே மிகை நாளை எடுத்து, எங்களை 5,415 மீட்டரில் உள்ள மேரா லா வரை நடத்திச் சென்று, மீண்டும் கரேக்கே இறக்கி உறங்க வைத்தார். உயரே ஏறித் தாழ உறங்குவது என்ற அந்தப் பழைய விதியின் பலனை அன்றிரவே உணர்ந்தேன். பல நாளுக்குப் பிறகு விழிக்காமல் உறங்கினேன். அந்த ஒரு நாளுக்காக அவர் தம் வேலையைப் பணயம் வைத்தார் என்று பின்னால் தெரிந்தது. வழிகாட்டியோடு ஏறுவது என்றால் கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்ல ஒருவர் இருப்பது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். எங்கள் சார்பாக மறுப்புச் சொல்ல ஒருவர் இருப்பதுதான் அது என்று அன்று விளங்கியது.

மேல்முகாம் 5,780 மீட்டரில், பனிச்சரிவுக்கு நடுவே துருத்தி நிற்கும் பாறை அரணின் மறைவில் இருக்கிறது. கூடாரங்களை வைக்கும் இடம் அவ்வளவு குறுகல் என்பதால், வெளியே வருவதற்கும் கவனம் வேண்டும். கொதிநீர் நிரப்பிய பாட்டிலை உறைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு, காமிரா மின்கலங்களையும் நெஞ்சோடு அணைத்துப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்குப் புறப்படும்போது பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகச் சொன்னார் தாய். நீர் மேலிருந்து உறையத் தொடங்குவதால், நேராக வைத்தால் முதலில் அடைபடுவது வாய்தான்.

பனியாற்றில் அனைவரும் ஒரே கயிற்றில். கயிறு தொய்யவும் கூடாது, முன்னவரை இழுக்கவும் கூடாது. பனிப்பிளவுகளை மூடியிருக்கும் பனி யார் காலடியில் இடியும் என்று தெரியாது. ஓரடி, ஒரு முழு மூச்சு, மீண்டும் ஓரடி. ஹெட்லாம்ப் ஒளிவட்டத்தில் முன்னவரின் குதிகால் மட்டும் தெரியும். மூச்சின் ஈரம் கழுத்துத் துணியில் படிந்து தகடுபோல் உறைந்தது. கிழக்கே வானம் வெளிறத் தொடங்கிய நேரத்தில்தான் குளிர் உச்சத்துக்குப் போனது. கால்விரல்களை பூட்ஸுக்குள் அசைத்துக்கொண்டே இருந்தேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு செங்குத்தான பனிமேடு இருக்கிறது. அங்கே நிலைக்கயிறு கட்டியிருந்தார்கள். ஜூமாரைத் தள்ளி, கிராம்பானின் முன்முனைகளைக் குத்தி, நான்கு அடிக்கு ஒருமுறை நெற்றியைப் பனியில் சாய்த்து ஓய்வெடுத்து ஏறினேன். மேலே வடக்கில் எவரெஸ்டும் லோட்சேயும், வடகிழக்கில் மகாலுவும், வடமேற்கில் சோ ஓயுவும், கிழக்கே தொலைவில் கஞ்சன்ஜங்காவும் தெரிந்தன. எட்டாயிரம் மீட்டரைக் கடந்த ஐந்து சிகரங்களை ஒரே இடத்தில் நின்று பார்த்தேன். நான் நின்றது நடுச் சிகரத்தில், 6,461 மீட்டரில். வழிகாட்டிகளோடு வரும் குழுக்களில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து திரும்புகின்றன. 6,476 என்பது வடக்குச் சிகரத்தின் உயரம். யாராவது கேட்டால் 6,461 என்றே சொல்கிறேன். அங்கே இருந்தது கால்மணி நேரம்.

இரண்டு நாள் கழித்துக் கோத்தேயில் நண்பர் எங்களுக்காகக் காத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது, தால் பாத் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். லுக்லா திரும்ப அந்த 4,610 மீட்டர் கணவாயை மறுபடியும் கடக்க வேண்டும். தேநீர் குடித்து முடித்ததும் தாய் எழுந்து, லாட்ஜின் முற்றத்தில் சமையலறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை தம் கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, குதியை விரல்நுனியில் வைத்து நடக்கத் தொடங்கினார். பன்னிரண்டு அடிகள். எண்ணிக்கொண்டே இருந்தேன். குழாயைத் தொட்டுத் திரும்பி, மீண்டும் பன்னிரண்டு அடிகள் வந்தார். தாய் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, காலையில் ஆறு மணிக்குப் புறப்பாடு என்றார்.