பச்சை உடம்பும் கீழ்த் தையலும்: முதல் ஆறு வாரம்

சுகப்பிரசவம் முடிந்து வார்டைவிட்டுக் கிளம்பும் முன் நர்ஸிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிறப்புறுப்பில் ஏற்பட்ட கிழிசல் எத்தனையாவது டிகிரி? பிள்ளையைப் பார்க்க வருபவர்கள் “எத்தனை தையல்?” என்றுதான் விசாரிப்பார்கள். அந்தக் கணக்கால் பயன் இல்லை. பெரும்பாலும் ஒரே நூலில் தொடர்ச்சியாகத் தைத்துவிடுகிறார்கள். 1 என்றால் தோல் மட்டும். 2 என்றால் தசையும் கிழிந்திருக்கிறது. டாக்டரே கத்தரித்து வழி விட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். 3, 4 என்றால் ஆசனவாய்ச் சுருக்குத் தசை வரை போயிருக்கிறது. அதற்கு ஆன்டிபயாடிக், மலமிளக்கி, தனி மறுபரிசோதனை எல்லாம் உண்டு. அப்படிக் கிழிந்தவர்கள் தங்கள் டாக்டர் சொல்வதையே முதலில் கேட்க வேண்டும்.

முதல் 2, 3 நாள் வலிக்கு வீக்கம் பெரிய காரணம். வீங்கிய தோல் தையலை இழுக்கிறது. ஐஸ் அதைத் தணிக்கும். “பச்சை உடம்புக்கு ஐஸா?” என்று வீட்டில் பெரியவர்கள் பதறுவார்கள். ஜெல் பேக்கை மெல்லிய துணியில் சுற்றி, அந்த இடத்தில் மட்டும் 10 நிமிடம் வைத்து எடுத்துவிடுவதுதான் இது, உடம்பு குளிர்ந்துவிடாது. துணி இல்லாமல் வைத்தால்தான் தோல் புண்ணாகும்.

பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை 2, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்கு 8-ஐத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலி முற்றிய பிறகு தேடாமல், முதல் சில நாள் நேரம் பார்த்துப் போடுவது நல்லது. இபுப்ரோஃபென் தாய்ப்பாலுக்கு ஒத்துவரும், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சிறுநீர் பட்டால் எரியும். போகும்போதே பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை முன்னாலிருந்து ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் பாதியாகிவிடும். கழிவறை ஸ்ப்ரேயின் வேகம் இந்த நேரத்துக்கு வேண்டாம். துடைக்காமல் ஒற்றி எடுங்கள், முன்னிருந்து பின்னாக. பேடை 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். சிங்கப்பூர் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் தையல் ஊறிப்போகும்.

எல்லாரும் பயப்படுவது முதல் தடவை மலம் கழிப்பதற்குத்தான். தையல் பிரிந்துவிடுமோ என்று அடக்கி வைப்பார்கள். அடக்க அடக்க மலத்தில் உள்ள நீர் வற்றி இறுகும். பிறகு முக்க வேண்டியதாகும். உண்மையில் இளகிய மலத்தால் தையல் பிரிவது மிக அரிது. முழங்கால் இடுப்பைவிட உயரும்படி காலடியில் சின்ன ஸ்டூல் போட்டு, முன்னால் சாய்ந்து உட்காருங்கள். சுத்தமான பேடை மடித்து, தையல் மேல் விரல்களால் மெதுவாக அணைத்துப் பிடியுங்கள். அந்தத் தாங்கல் இருந்தால் கீழே எல்லாம் பிதுங்குவது போன்ற உணர்வு குறையும். மூச்சைப் பிடித்து முக்காமல், வாய் வழியாக மெல்ல ஊதிவிடுங்கள்.

பத்தியம் இங்கேதான் இடிக்கிறது. தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த பால்சுறா, பூண்டு, பெருங்காயம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கீரையையும் பழத்தையும் நிறுத்தி, “தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும்” என்று அரை டம்ளரோடு விடுவதுதான் மலத்தை இறுக்குகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குளிர்ந்த நீர் கூடாது என்றால் வெந்நீராகவே 2 லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். பழுத்த பப்பாளியும் கீரையும் தினமும் வேண்டும். அதற்கும் இளகாவிட்டால் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியைக் கேட்டு வாங்குங்கள்.

குளியல் விஷயத்திலும் பாட்டியோடு ஒரு சமரசம் தேவை. இடுப்பில் வெந்நீர் ஊற்றலாம்; தையல் மேல் ஓங்கி அடிக்கக் கூடாது. வீக்கம் இன்னும் ஏறும். அதற்குப் பதில், ஒரு நாள் கழிந்த பிறகு, டாய்லெட் மேல் பொருந்தும் பேசினில் வெதுவெதுப்பான நீர் விட்டு 10 நிமிடம் உட்காருங்கள், தினம் 2, 3 முறை. பிள்ளையைக் குளிப்பாட்டப் பார்ப்பது போல முழங்கையால் சூடு பார்த்தால் போதும். டெட்டால் வேண்டாம், ஆறும் தோலை அரிக்கும். மஞ்சள் அரைத்துப் பூசவும் வேண்டாம். வயிறு கட்டுவதை இறுக்கிச் செய்தால் பாரமெல்லாம் கீழே இறங்கித் தையலை அழுத்தும்.

பால் கொடுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள். தினம் இரண்டு முறை பழைய துண்டை விரித்துப் படுத்து 10 நிமிடம் காற்றாட விடுங்கள்.

இரண்டாவது வாரம் பேடில் நூல் துண்டு விழும், அரிப்பும் வரும். அது ஆறுகிறது என்பதற்கு அடையாளம். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்ப ஏறினாலோ, துர்நாற்றம், சீழ், 38 டிகிரி காய்ச்சல், தையல் வாய் பிளந்தது தெரிந்தாலோ ஆறாவது வார அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் அவசரப் பிரிவுக்கு. மயக்கமும் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995.

மூத்திரம் போக உறுத்தல் இல்லாத நாளிலிருந்தே, இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைத் தொடங்குங்கள்: காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை உள்ளிழுத்து, 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். முதலில் 3, 4 எண்ணவே முடியும், பரவாயில்லை. 10 முறை, தினம் 3 வேளை. ஆறாவது வாரத்திலும் காற்றோ மலமோ அடக்க முடியாமல் போனால் டாக்டரிடம் அந்த வார்த்தையையே சொல்லுங்கள். வெட்கப்பட்டு “கொஞ்சம் அசௌகரியம்” என்று சொன்னால் அவர் தையலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். வாய்விட்டுச் சொன்னால் இடுப்புத்தளத் தசைக்கான பிஸியோதெரபிக்கு எழுதிக் கொடுப்பார்.