லூபஸ் தலைதூக்கிய மாதம்

மார்ச் 2
காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. பற்பசை மூடியைக்கூடத் திருக முடியவில்லை. இரு மணிக்கட்டுகளிலும் வீக்கம். வெந்நீரில் கையை வைத்திருந்து, மெல்ல வேலை செய்யச் செய்யத்தான் விறைப்பு தளர்ந்தது. மதியம் சற்று உட்கார்ந்ததும் மறுபடி இறுகிக்கொண்டது. அசதியால் வரும் வலி ஓய்வெடுத்தால் தணியும். அழற்சியால் வருவது ஓய்வில்தான் கூடும். என் லூபஸ், எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய்.

மார்ச் 3
மேலண்ணத்தில் புண். வலியே இல்லை, நாக்கில் தட்டுப்பட்டதால்தான் தெரிந்தது. மூக்கின் இருபுறமும் கன்னம் சிவந்திருக்கிறது. மாலையில் காய்ச்சல், 100.6 டிகிரி.

என்னைப் பயமுறுத்துவது இந்தக் காய்ச்சல்தான். லூபஸாலும் வரும், கிருமித்தொற்றாலும் வரும். நான் எடுக்கும் அசாதையோபிரின் எதிர்ப்பாற்றலைத் தணித்து வைப்பதால் தொற்று எளிதில் ஏறிக்கொள்ளும். நோய்தான் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். தொற்று இருக்கும்போது கூட்டினால் அது இன்னும் பரவும். மாத்திரை அலமாரியிலேயே இருக்கிறது, கை துறுதுறுக்கிறது. தொடாமல் டாக்டரை அழைத்தேன். நாளை காலையே வரச் சொன்னார்.

மார்ச் 4
ரத்தம், சிறுநீர் கொடுத்தாயிற்று. தொண்டை, நுரையீரல் எல்லாம் பார்த்தார். முடிவு வரும்வரை பழைய அளவே.

மார்ச் 6
ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இரண்டு அளவுகளில் ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கிறது, சி.ஆர்.பி. ஏறக்குறைய இயல்பு. லூபஸ் தலைதூக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான். பாக்டீரியா தொற்றில் சி.ஆர்.பி. பாய்ந்து ஏறும். ஆனால் நுரையீரல் உறையோ மூட்டுகளோ கடுமையாக அழன்றால் லூபஸிலும் ஏறக்கூடும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து டாக்டர் தீர்ப்பெழுதவில்லை. எதிர்ப்பாற்றலுக்கு உதவும் ரத்தப் புரதங்களான சி3, சி4 இரண்டும் இறங்கியிருக்கின்றன. டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி ஏறியிருக்கிறது. ஆன்டிபாடிகள் கூட்டுப்பொருளாகித் திசுக்களில் படியும்போது சி3, சி4 புரதங்கள் செலவாகிவிடுகின்றன. கிருமி எதுவும் வளரவில்லை.

எனக்கு முக்கியம் சிறுநீர் முடிவுதான்: புரதம் இல்லை. சிறுநீரகம் அழலும்போது வலி சொல்லிக்கொண்டு வருவதில்லை, சோதித்தால்தான் தெரியும். மணிக்கட்டு வலிக்காக வராதவர்கள்கூட இதற்காகவாவது வர வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமிலிருந்து 20. பிறகு படிப்படியாக இறக்க வேண்டும். சட்டென்று நிறுத்தக்கூடாது, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரவர, உடம்பின் அட்ரீனல் சுரப்பி தன் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

மார்ச் 9
தங்கை போனில், “அக்கா, வெயிலில் அலைந்தாயா?” என்றாள். அக்கறைதான், ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது போலிருந்தது. வெயில் ஒரு காரணம் என்பது மெய்யே. புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சிதைக்கிறது. அவற்றின் உட்கருப் பொருள் வெளியே வருகிறது. என் ஆன்டிபாடிகள் தாக்கத் தேடுவது அதைத்தான். ஜன்னல் கண்ணாடியும் முழுப் பாதுகாப்பல்ல, புற ஊதா-ஏ அதைத் தாண்டி வரும். தொற்று, மருந்து தவறுவது, பிரசவம் இவையும் கிளப்பிவிடலாம். எதுவுமே இல்லாமலும் கிளம்பும். காரணம் தேடி நாட்குறிப்பைப் புரட்டுவதை நான் ஓரளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 12
தூக்கமில்லை. ஸ்டீராய்டைக் காலையிலேயே எடுத்தும் இரவு இரண்டு மணிக்குப் பசிக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது.

மார்ச் 17
உறவினர் ஒருவர், “எப்போதும் போடும் அந்த மலேரியா மாத்திரையை நிறுத்திப் பாரேன், அதுதான் உடம்பைக் கெடுக்கிறது” என்கிறார். ஹைட்ராக்சிகுளோரோகுவின் மலேரியா மருந்துதான், ஆனால் லூபஸையும் அடக்கி வைக்கும். 1991இல் வெளியான கனடா ஆய்வில், நோய் அடங்கியிருந்தும் அதை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்தவர்களைவிட 2.5 மடங்கு அதிகமாக நோய் திரும்பியது. விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. மற்றபடி, அது என்னைவிட்டுப் போகாது.

மார்ச் 23
இன்று உடம்பு லேசாக இருக்கிறது. இப்படிப்பட்ட நாளில்தான் எச்சரிக்கை தேவை: தேங்கிய வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லும். துணிகளை மடித்தேன், ஒரு மணி நேரம் படுத்தேன், இரண்டு கடிதங்களுக்குப் பதில் எழுதினேன். போதும்.

மார்ச் 30
10 மில்லிகிராமுக்கு இறங்கியாயிற்று. ஏப்ரல் முதல் வாரம் மறுபடி ரத்தம், சிறுநீர். ஸ்டீராய்டு 5க்கு வந்த பிறகும் மூட்டு வீங்கினால், அதைத் திரும்பக் கூட்டாமல் அசாதையோபிரினை மாற்றுவது பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். கேட்க வேண்டிய கேள்விகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.