மாவுக்கட்டு டைரி

மார்ச் 2
வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல எலும்பு உடைஞ்சிடுச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு. இதை இடது கையில ஒத்தை விரலால தட்டிட்டிருக்கேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. பார்க்க வர்றவங்கல்லாம் "எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்லிட்டுப் போறாங்க, கை உடைஞ்சதுல என்னய்யா நல்லது, எரிச்சலா வருது.

மார்ச் 5
ஒரே ஒரு சட்டை பட்டன் போட நாலு நிமிஷம். கட்டைவிரலால ஓட்டையை விரிச்சு, பட்டனை ஓரமா சாய்ச்சு, நகத்தால இழுத்தா பாதி வரும், அப்புறம் வழுக்கிட்டு திரும்ப உள்ள போயிடும். இத்தனை வருஷமா போடுறேன், பட்டனை சாய்ச்சுத்தான் நுழைக்கிறோம்னே இன்னிக்குத்தான் கவனிச்சேன்.

மார்ச் 11
தூக்கம் வராம ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்ங்கிற ஜாஸ் கலைஞரோட கிட்டார் கேட்டுட்டிருந்தேன். 1928ல அவருக்கு 18 வயசு, தங்கியிருந்த வண்டியில தீப்பிடிச்சு இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் சரியா நீட்ட முடியாம போயிடுச்சு. மிச்சம் ரெண்டு விரலை வச்சே சோலோ வாசிச்சார், அதுக்காக விரலை நகர்த்துற முறையையே புதுசா யோசிக்க வேண்டியிருந்துச்சு. ஆனா தீ பிடிக்கிறதுக்கு முன்னாடியே அவர் நல்லா வாசிச்சவர், அதை விட்டுட்டு தீயால மேதை ஆனார்னு சொல்றது அபத்தம்.

மார்ச் 19
இன்னிக்கு நடந்தது கொஞ்சம் வெட்கமான விஷயம். தம்பி மெசேஜ்ல ஏதோ குத்தலா சொல்லிட்டான், எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு, ரெண்டு கையும் ஒழுங்கா இருந்திருந்தா பத்து வருஷக் கணக்கையும் ஒரே மூச்சுல கொட்டி அனுப்பியிருப்பேன். ஒத்தை விரல்ல "நீ எப்பவுமே இப்படித்தான்"னு அடிச்சு முடிக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு, நடுவுல கீபோர்டு வேற ஒரு வார்த்தையை தானா மாத்திடுச்சு, அதை அழிக்கிறதுக்குள்ள நான் எதுக்கு கோவப்பட்டேன்னே பாதி மறந்துபோச்சு. விட்டுட்டு போன் பண்ணேன். "அக்கா, கை வலிக்குதா?"ன்னுதான் முதல்ல கேட்டான்.

ஏப்ரல் 1
2014 பிப்ரவரியில லண்டன்ல சுரங்க ரயில் ஸ்ட்ரைக், ரெண்டு நாள். பல ஸ்டேஷன் மூடிட்டதால ஜனங்க வேற வழியில வேலைக்குப் போனாங்க. பயண அட்டை கணக்கைப் பார்த்த ஆய்வாளர்கள், ஸ்ட்ரைக் முடிஞ்சும் சுமார் 5% பேர் பழைய வழிக்குத் திரும்பலைன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்களுக்கு அதைவிட நல்ல வழி முன்னாடியே இருந்திருக்கு, தேடிப் பார்த்ததில்லை, அவ்ளோதான். மத்த 95% பேருக்கு வெறும் அலைச்சல்தான், அதையும் சொல்லணும்ல. எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு, கை உடைஞ்சதால கம்ப்யூட்டர் மவுஸை இடது பக்கம் மாத்தினதுல ரொம்ப நாளா இருந்த வலது தோள்பட்டை வலி காணாம போயிருக்கு.

ஏப்ரல் 13
கட்டு பிரிச்சாச்சு. கை குச்சி மாதிரி இருக்கு, தோல் உரியுது.

ஏப்ரல் 30
எலும்பு ஆறி கூடிடுச்சாம், இனி கொஞ்சம் கொஞ்சமா பாரம் கொடுக்கலாம்னு பிசியோ சொன்னாங்க. விண்வெளியில எடையே தாங்காததால வீரர்களுக்கு இடுப்பு மாதிரி பாரம் சுமக்கிற எலும்புல மாசத்துக்கு 1 முதல் 1.5% வரைக்கும் அடர்த்தி குறையுமாம், அதனாலதான் அங்கே தினமும் ரெண்டு மணி நேரம் உடற்பயிற்சி. எனக்கு சுவரைத் தள்ளணும், பத்து தடவை. ஆறுல நிறுத்திட்டேன், நாளைக்குப் பார்ப்போம். மவுஸ் இன்னும் இடது பக்கமேதான் இருக்கு.