விழாத நாற்காலி

“விழாது” என்று நான் சொன்னதில் தப்பில்லை. கண்காட்சிக் கூடத்தில் படைப்புகளை நிறுவுவது என் வேலை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும் அந்தச் சிற்பியின் முகம் வாடிவிட்டது. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அது அவருடைய முதல் தனிக் கண்காட்சி. ஒன்றன்மேல் ஒன்றாகப் பீங்கான் கோப்பைகள், அவற்றின்மேல் ஒற்றைக் காலில் நிற்கும் மர நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் தண்ணீர் வாளி. பக்கத்துச் சுவரில் அதே நாற்காலியின் பெரிய புகைப்படம். தன் வேலைக்கூடத்தில் எப்படியோ அதை நிற்கவைத்து, சரிவதற்குள் எடுத்த படம் அது. எடுத்த கையோடு எல்லாம் விழுந்து நொறுங்கியதாம்.

பொதுமக்கள் நடமாடும் இடத்தில் அப்படி வைக்க முடியுமா? அசையாமல் நிற்க வேண்டும் என்று கண்காட்சியின் பொறுப்பாளரான கியூரேட்டர் சொல்லிவிட்டார். புதுக் கோப்பைகளின் அடியில் வைர பிட்டால், தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகத் துளை போட்டேன். பீடத்துக்குள் இரும்புத் தகடு, அதிலிருந்து கோப்பைகள் வழியாக நாற்காலிக் காலுக்குள் ஏறும் ஸ்டீல் ராடு, ஒட்ட எபாக்சிப் பசை. வாளியில் தண்ணீருக்குப் பதில் இறுகிவிடும் தெளிந்த ரெசின் (பிசின்). சுத்தமான வேலை. ராடு எங்கே ஓடுகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இனிமே இது விழாதா அண்ணா?”

“விழாதும்மா.”

“அப்போ இது சும்மா ஒரு நாற்காலிதானே.”

“விழப்போறதுதான் படத்துல இருக்கே” என்றேன்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பதில் சில சமயம் ஆறுதலாகத் தோன்றுகிறது, சில சமயம் வாயடைப்பாக.

அந்தப் பதிலுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. ஸ்விட்சர்லாந்துக் கலைஞர்கள் ஃபிஷ்லியும் வைஸும் 1980-களில் வீட்டுச் சாமான்களை ஒன்றின்மேல் ஒன்றாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, சரிவதற்குமுன் படம் எடுத்தார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை அந்தப் படங்கள்தான். பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் 1917-இல் கலைப்படைப்பு என்று கண்காட்சிக்கு அனுப்பிய, ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டி தொலைந்துபோயிற்று. புகைப்படக் கலைஞர் ஸ்டீக்ளிட்ஸ் எடுத்த படம் இருப்பதால் அன்று அது எப்படி இருந்தது என்று தெரிகிறது. பொருள் போய்ப் படம் நின்றால் நட்டமில்லை என்று இவற்றை வைத்து வாதாடலாம்.

ஆனால் ஆஸ்திரியக் கலைஞர் எர்வின் வூர்மை நினைத்தால் என் வாதம் ஆட்டம் காண்கிறது. அவருடைய ‘ஒரு நிமிடச் சிற்பங்கள்’ என்ற வரிசையில் வாளியையோ நாற்காலியையோ வைத்துக்கொண்டு கோணலான நிலையில் ஒரு நிமிடம் போல நிற்க வேண்டும். கண்காட்சிக்கு வருகிறவர்களே அதைச் செய்து பார்க்கலாம். கை நடுங்கும், கால் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் சிற்பம். அங்கே என் ராடுக்கு என்ன வேலை?

கண்காட்சி நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். புகைப்படத்தின் முன் நின்றவர்கள் சிரித்தார்கள், சிலர் பதறிக் கையை நீட்டக்கூடச் செய்தார்கள். நாற்காலியின் முன் வந்ததும் குனிந்து, “உள்ளே கம்பி இருக்கா?” என்று கேட்டார்கள். அர்த்தமில்லாமல், அதனாலேயே அழகாக நின்ற ஒன்று விடுகதையாகிவிட்டது. விடுகதை என்றால் விடை இருந்தாக வேண்டும். அவர் செய்ததற்கு விடையே கிடையாது.

சரி, வேறென்ன செய்திருக்க முடியும்? நிரம்பிய வாளி ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் அதற்குக் கலை பதில் சொல்லாது. இதில் நான் இம்மியும் இறங்கிவர மாட்டேன். அதே சமயம், தள்ளி நின்று பார்க்கும்படி கயிறு கட்டியிருக்கலாம். உடைந்த கோப்பைகளைப் படத்தின் கீழே அப்படியே பரப்பியிருக்கலாம். அதைச் சொல்வது என் வேலையா? படைத்தவர் கேட்காதபோது நிறுவுகிறவன் யோசனை சொன்னால் அது அத்துமீறல் என்றுதான் இத்தனை காலம் நினைத்துவந்தேன். இப்போதும் பாதிக்குமேல் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன மாதம் அவரே போன் செய்தார். அடுத்த கண்காட்சிக்கு ஒரு ஏணி. “அந்த ராடு மாதிரியே வேணும் அண்ணா, வெளியே தெரியவே கூடாது.”

“இது விழ வேண்டாமா?” என்று கேட்டுவிட்டேன்.

“வாங்கிட்டுப் போறவங்க வீட்ல விழக் கூடாதில்ல?”

நியாயமான பதில்தான், ஆனால் எனக்கு அது போதவில்லை. அவர் தன் தொழிலைக் கற்றுக்கொண்டாரா, நான் அன்று சொன்னதை நம்பிவிட்டாரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேலைக்கு ஒப்புக்கொண்டேன். அளவுகளை அனுப்புவதற்கு முன்னால் புகைப்படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த ஏணி எவ்வளவு நேரம் நின்றது, எந்தப் பக்கம் விழுந்தது என்றும் கேட்டிருக்கிறேன்.