ஆளுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள வெளி

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு ஆண்டுகளாகக் கொழும்புத் தெருக்களில் நான் எடுத்துச் சேர்த்த படங்களைத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகளின் படங்களில் முகங்கள் நன்றாகவே வந்திருந்தன. செட்டியார் தெருவில் பூமாலை கட்டும் அம்மாவின் கவனம், கோட்டை ரயில் நிலையத்தில் காத்திருப்பவரின் களைப்பு, புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியின் கழுத்து நரம்பு எல்லாம் தெளிவாகப் பதிவாகியிருந்தன. ஆயினும் அவற்றில் பத்துப் படங்களைக்கூட மற்றவரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மாலை கட்டும் அம்மாவின் தலையில் ஒரு மின்கம்பம் நட்டுவைத்ததுபோல் நின்றது. காத்திருப்பவரின் காதோடு பின்னால் நின்றவரின் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. சுமை தூக்கியவரின் இரண்டு பாதங்களையும் படத்தின் கீழ் விளிம்பு வெட்டியிருந்தது. அந்தக் காலத்தில் நான் ஆளை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கிடந்த சிறு வெளி என் கண்ணில் படவே இல்லை.

கண்ணின் இயல்புதான் இதற்குக் காரணம். இரண்டு கண்களால் பார்ப்பதாலும், பார்க்கும்போது தலை சற்று அசைந்துகொண்டே இருப்பதாலும், ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் நிற்பது நமக்கு உடனே விளங்கிவிடுகிறது. கமராவுக்கு இருப்பது ஒற்றைக் கண். முன்னும் பின்னும் நிற்பவர்களை அது ஒரே தாளில் ஒட்டிவிடுகிறது. ஆகவே படம் எடுக்கும் முன் ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், எதிரே இருப்பதை இரண்டு விநாடி பார்க்கப் பழகிக்கொண்டேன். எந்தத் தலை எந்தத் தோளோடு ஒட்டுகிறது, எந்தக் கை எந்தக் குடைக்குள் மறைகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு பெரும்பாலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓரடி நகர்ந்தாலே போதும். அந்த ஓரடியைத்தான் நான் இரண்டு ஆண்டுகளாக எடுத்து வைக்காமல் இருந்திருக்கிறேன்.

காலிமுகத்திடலில் கற்ற பாடம் இதைவிடப் பெரியது. கடலும் வானும் மட்டுமே பின்னணியாக இருக்கும் அந்த இடத்தில் ஒழுங்கமைப்பு தானாகவே அமைந்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஆனால் நான் நின்றபடி எடுத்த படங்களில், இஸ்ஸோ வடை தின்பவர், குழந்தையைத் தோளில் ஏற்றியவர், கைகோத்து நடக்கும் இளம் சோடி என யாராக இருந்தாலும், தொடுவானக் கோடு வளர்ந்தவர்களின் தலையை நெற்றிக்கு நேராக அறுத்துக்கொண்டு போனது. சமதரையில் தொடுவானம் எப்போதும் கமராவின் உயரத்திலேயே அமையும். 1.6 மீட்டர் உயரத்தில் கமராவைப் பிடித்தால், பக்கத்தில் நிற்பவராயினும் இருபது மீட்டர் தள்ளி நிற்பவராயினும், அவருடைய உடலில் 1.6 மீட்டர் உயரமுள்ள இடத்தைத்தான் அந்தக் கோடு கடக்கும். ஒரே அளவு உயரமுள்ளவர்களின் தலைகள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து ஒன்றையொன்று மறைப்பதற்கும் இதுவே காரணம். முழங்காலை மடித்து, கமராவை ஏறக்குறைய 90 சென்ரிமீட்டர் உயரத்துக்கு இறக்கினால் கோடு இடுப்பளவுக்கு வந்துவிடும். தலையும் தோளும் வெறும் வானத்தில் எழுந்து நிற்கும். அருகில் இருப்பவரின் தலை உயரத்திலும் தொலைவில் இருப்பவரின் தலை தாழ்விலும் வருவதால் யார் முன், யார் பின் என்பதும் படத்திலேயே விளங்கும். பட்டம் விடும் சிறுவர்களை எடுக்க வேண்டுமானால் இன்னும் தாழ வேண்டும். நான் அங்கே புல்லில் உட்கார்ந்துவிடுவேன். இதில் ஒரு இழப்பும் உண்டு. கமரா தாழத் தாழத் தரை சுருங்கும். கால்களும் நிழல்களும் ஒரு மெல்லிய பட்டைக்குள் நெருங்கிவிடும்.

புறக்கோட்டையில் நிலைமை நேர்மாறு. அங்கே வெறும் பின்னணி என்று ஒன்று கிடையாது. பெயர்ப்பலகை, தொங்கும் துணி, பொலித்தீன் கூரை, மின்கம்பி, ஓட்டோ என ஒவ்வொன்றும் ஆளோடு போட்டியிடும். அதனால் ஆளைத் துரத்துவதை விட்டுவிட்டு, முதலில் பின்னணியைத் தேர்ந்து, அதற்கு எதிரே நின்று, ஆள் வந்து சேரும்வரை காத்திருக்கத் தொடங்கினேன். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமான கோடுகளால் எல்லோரும் அறிந்த ஜாமியுல் அல்பார் பள்ளிவாசல் இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. கமரா வைத்திருப்பவர் எவரும் அங்கே ஒருமுறையாவது நின்றிருப்பார். அந்தச் சுவரின் கோடுகளுக்கு முன்னால் கட்டம் போட்ட சாரமோ கோடு போட்ட சேர்ட்டோ அணிந்தவர் வந்தால் காணாமலே போய்விடுவார்; வெள்ளை உடையில் வருபவர் பாதி கரைந்துவிடுவார். ஒரே நிறத்தில், கறுப்பிலோ கடும் நீலத்திலோ உடுத்தவர் வந்தால் முழு உருவமும் வெட்டி வைத்ததுபோல் நிற்கும்.

அப்படிக் காத்து நின்ற ஒரு நாளில், நடைபாதையில் பெல்ட்டும் மணிபர்சும் விற்கும் நானா (முஸ்லிம் அண்ணர்) ஒருவர், "என்ன தம்பி, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். கமராவின் திரையில் அதுவரை எடுத்த படங்களைக் காட்டி, ஒருவரையொருவர் மறைக்காமல் மூன்று பேர் கடக்கும் ஒரு கணத்துக்காக நிற்கிறேன் என்றேன். அவர் சிறிது நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, "கைவண்டி வந்தா எல்லாரும் ஒதுங்குவாங்க. அப்ப புடிங்க" என்றார். எத்தனையோ பாடங்களைப் படித்திருக்கிறேன்; அவற்றில் எதுவும் அந்தத் தெருவைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கைவண்டி வரும்போது கூட்டம் இரண்டாகப் பிரிகிறது, நடுவே வெளி திறக்கிறது, வண்டி போன பிறகு இரண்டு மூன்று விநாடிகளுக்கு அந்த வெளி மூடாமல் இருக்கிறது. இப்போது நான் அந்த விநாடிகளுக்காகவே நிற்கிறேன்.

வெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதற்கு பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரசோன் 1932இல் பாரிசின் சென் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தை எண்ணிப் பார்க்கலாம். தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதனின் குதிகாலுக்கும் நீரில் விழுந்த அவனுடைய பிம்பத்துக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. குதிகால் நீரைத் தொட்டிருந்தால் அந்தப் படத்தின் உயிர் போயிருக்கும். அவர் இளமையில் அந்திரே லோத் என்னும் ஓவியரிடம் பயின்றவர். உருவங்களை வடிவங்களாகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே கிடைத்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன்.

கமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுச் சட்டகக் கமராவில் (படச்சுருள் கமராவின் சட்டக அளவிலேயே உணரி உள்ளது) 35 மி.மீ. வில்லையின் ஒளித்துளையை எஃப் 8இல் வைத்து, குவியத்தை 2.5 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை உள்ளவை தெளிவாக வரும். நடப்பவர்கள் மங்காதிருக்க ஷட்டர் வேகம் விநாடியில் 250இல் ஒரு பங்காவது வேண்டும். நான் 500இல் ஒரு பங்கு வைக்கிறேன். குவியத்தைப் பற்றிய கவலை நீங்கினால்தான் கண் விளிம்புகளைக் கவனிக்கும்.

நடுவே வெளி வேண்டும் என்ற விதி நிழலுருவங்களுக்கும் உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில், மாலை ஐந்தரை மணிக்குப் பின் வெயில் கடலிலிருந்து நேரே உள்ளே வருகிறது. கடலை நோக்கி நின்றால் வருபவர்கள் எல்லோரும் கரிய உருவங்களாகத் தெரிவார்கள். அவ்வேளையில் முகம் உதவாது; கைக்கும் உடலுக்கும் நடுவே, காலுக்கும் காலுக்கும் நடுவே ஒளி தெரிந்தால்தான் அது மனித உருவம், இல்லையேல் ஒரு கறுப்புத் திட்டு. ஆகவே காலடி அகன்றிருக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். நண்பகலில், குறிப்பாகச் சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேரே வரும் ஏப்ரலின் முற்பகுதியில், நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும், கண்குழிகள் இருண்டுவிடும். அந்நேரத்தில் நான் கூரைகளின் கீழே மட்டும் எடுக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னை அறியாத, என்னிடம் எதுவும் கேட்காத ஒருவரின் உருவத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பாதத்தை வெட்டாமல், தலையில் கம்பம் முளைக்க விடாமல், அடுத்தவரோடு ஒட்டாமல், அவருக்குரிய இடத்தை முழுதாகக் கொடுப்பது அவருக்கு நான் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை. மூட்டைகளுக்கு நடுவே வாய் திறந்து தூங்கிய ஒருவரின் படம் என்னிடம் இருந்தது. கோடுகள் எல்லாம் அழகாகச் சேர்ந்த படம். பழைய படங்களைத் திறந்து பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை மழையில் அதை அழித்துவிட்டேன். யாராவது வேண்டாம் என்று கை அசைத்தால் அந்த இடத்திலேயே அழிக்கிறேன்.

குடைகளைத்தான் இன்னும் என்னால் ஒழுங்குபடுத்த முடியவில்லை. மழை வந்ததும் ஒவ்வொரு குடையும் மூன்று பேரை மறைத்துவிடுகிறது. தாழ்ந்து எடுத்தால் குடைகள் வானத்தையும் மூடிவிடுகின்றன. சென்ற வாரம் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒல்கொட் மாவத்தையைக் கடக்கும் மேம்பாலத்தில் ஏறிக் கீழே பார்த்தேன். மேலிருந்து பார்க்கையில் ஈரத் தரையே பின்னணியாகிவிட்டது; காலிமுகத்திடலில் நான் இழந்த தரை இங்கே முழுவதும் திரும்பக் கிடைத்தது. குடைகள் தனித்தனியாக நகர்ந்தன. அவற்றுக்கு நடுவே குடையில்லாத ஒருவர் தலையில் கடுதாசிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எடுத்தேன், இடப்பக்க விளிம்பில் பாதி பஸ் ஒன்று நுழைந்துவிட்டது. அடுத்த மழைக்கு நான்கு அடி வலப்பக்கம் தள்ளி நிற்கப் போகிறேன்.