அம்மான்ர தலைச்சுத்தும் நாலு டொக்டர்மாரும்

போன ஆவணியில அம்மாக்குத் தலைச்சுத்துத் துவங்கினது. காலமை படுக்கையால எழும்பேக்க வரும், கிணத்தடியில குனிஞ்சு நிமிரேக்க வரும், ஒருநாள் கோயில்ல தூணைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டிட்டா. மூண்டு கிழமைக்குள்ள நாலு டொக்டரிட்டக் காட்டினனாங்கள்.

முதல் ஆள் ஊருக்குள்ள இருக்கிறவர். பாத்திட்டு வெர்டிகோ எண்டு சொல்லிக் குளிசை தந்தவர், சின்னப் பையில போட்டு, காலமை இரவு எண்டு மட்டும் எழுதி, குளிசையின்ர பேர் இல்லை. வீட்ட வந்ததும் அம்மா என்னைக் கேக்கிறா, "வெர்டிகோ எண்டால் என்ன பிள்ளை, மூளையில ஏதுமோ?" அங்கயே கேட்டிருக்கலாமே எண்டால், வெளியில அவ்வளவு சனம் காத்துக்கொண்டு இருக்கேக்க எப்பிடிக் கேக்கிறது எண்டுறா. தலைச்சுத்து எண்டு போன மனுசிக்கு அதையே இங்கிலீசில சொல்லி அனுப்பினால் பயம் கூடுமே தவிரக் குறையாது. 1847 இல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில இருந்து மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலயே படிப்பிச்சு, மருத்துவப் புத்தகங்களையும் தமிழில கொண்டு வந்தவர். அந்த மண்ணில இருந்துகொண்டு இப்ப நாங்கள் வருத்தத்தின்ர பேர் விளங்காமல் அடுத்த டொக்டரைத் தேடுறம். என்னைக் கேட்டால் முக்கால்வாசிச் சனம் டொக்டர் மாறுறது மருந்து சரியில்லை எண்டு இல்லை, என்ன வருத்தம் எண்டு ஒருத்தரும் இருத்திச் சொல்லேல்லை எண்டுதான்.

பிறகு கனடாவில இருந்து சின்னம்மா எடுத்தவ. அங்க தெரிஞ்ச ஒரு ஆளுக்கு இப்பிடித்தான் துவங்கிப் பிறகு பாரிசவாதம் வந்ததாம், காசு போடுறன் உடன பெரிய டொக்டரைச் சனல் பண்ணுங்கோ எண்டு அழாத குறை. எங்கட நாட்டில ஸ்பெசலிஸ்ற்றிட்டப் போக ஒருத்தரின்ர கடிதமும் தேவையில்லை, நம்பர் எடுத்தால் சரி. போகேக்க ஓட்டோவில அம்மா சொல்லுறா, "பிறசர் கிளினிக் கொப்பியைக் காட்டாத பிள்ளை, அங்க மருந்து எடுத்துக்கொண்டு இங்க ஏன் வந்தனீங்கள் எண்டு பேசுவார்." நானும் காட்டேல்லை. அண்டைக்கு யோசிக்காமல் தலையாட்டினது இண்டைக்கும் மனசை அரிக்குது. அவர் பிறசர் பாத்தவர், கூடத்தான் இருந்தது, குளிசை எழுதினவர். அம்மா ஏற்கனவே கிளினிக்கில லொசார்ட்டான் எண்ட பிறசர் குளிசை 50 மில்லிகிராம் எடுக்கிறவ. புதுசு வேற கொம்பனிப் பேர், வேற நிறம், ஆனால் உள்ளுக்க அதே லொசார்ட்டான். ரெண்டையும் ஒழுங்காக் குடிச்சா.

தலைச்சுத்துக் கூடினது. மூண்டாவது டொக்டர். அவரிட்ட முந்தின ரெண்டு பேரையும் மறைச்சம். அவர் தலைச்சுத்துக்குத் தந்தது புரோகுளோர்பெரசின், அதுவும் எழும்பி நிக்கேக்க பிறசரை இறக்கக்கூடிய மருந்து எண்டு பிறகுதான் தெரியும். அவரில பிழை சொல்ல ஏலாது, நாங்கள் சொல்லாததை அவர் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது.

நாலாவது டொக்டர், வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு ஓட்டோவைத் திருப்பி அனுப்பினவர். பிஸ்கற் ரின்னோட கொண்டு போய் மேசையில கொட்டினன். ஒவ்வொண்டாப் பாத்து, பாமசித் துண்டுகளையும் பாத்து, அம்மாவைப் படுக்க வச்சு பிறசர் எடுத்து, எழுப்பி நிக்கவிட்டு மூண்டு நிமிசத்துக்குள்ள திரும்ப எடுத்தவர். மேல் அளவு 20 அல்லது அதுக்கு மேல இறங்கினால் கவனிக்க வேணும், அம்மாக்கு அதைவிட இறங்கினது. "அம்மா, நீங்கள் ஒரே மருந்தை ரெண்டு பேரில குடிக்கிறியள், அதுதான் எழும்பேக்க மூளைக்கு ரத்தம் காணாமல் சுத்துது" எண்டு சொன்னவர். ஒரு வசனம்தான். அம்மான்ர முகம் அந்த இடத்திலயே தெளிஞ்சது.

இப்ப அம்மா ஊரெல்லாம் அவர் கைராசிக்காரன் எண்டு சொல்லித் திரியிறா. அவர் கெட்டிக்காரன்தான், ஆனால் கடைசியாப் பாக்கிறவருக்கு முந்தினவை பாக்காத நாள்களும் சேர்ந்து உதவுது எண்டதையும் சொல்ல வேணும். மாரியில டெங்கு வரேக்க பாருங்கோ, முதல் நாள் காய்ச்சலைப் பாத்து ஒருத்தராலயும் நிச்சயமாச் சொல்ல ஏலாது, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேற்லெற் இறங்கிறது மூண்டாம் நாலாம் நாளளவில. முதல் நாள் பனடோல் தந்து திரும்பி வாங்கோ எண்டவர் ஒண்டும் தெரியாதவர், நாலாம் நாள் டெங்கு எண்டவர் கெட்டிக்காரர். இடையில பொறுமை இல்லாமல் இன்னொருத்தரிட்டப் போய்க் காய்ச்சல் டக்கெண்டு இறங்க வேணும் எண்டு நிண்டு டைக்குளோபினக் எண்ட நோ மருந்தைப் போட்டால் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம்.

ஒப்பரேசன் எண்டு சொன்னால், கான்சர் எண்டு சந்தேகப்பட்டால் இன்னொருத்தரிட்டக் கேக்கத்தான் வேணும், அதில ஒரு வெக்கமும் இல்லை. கேக்கேக்க கொப்பியையும் றிப்போட்டுகளையும் ஒளிக்காமல் கொண்டு போங்கோ, பேசினால் பேசட்டும்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு மாமி வந்தவ, முழங்கால் நோவுக்கு மூண்டு பேரிட்டக் காட்டியும் சரிவரேல்லையாம், அம்மாவைப் பாத்த டொக்டரின்ர பேரைக் கேட்டவ. சொன்னன். பிறகு, வீட்டில என்னென்ன நோக் குளிசை கிடக்கு மாமி எண்டு கேட்டன். கொஞ்சநேரம் யோசிச்சுப் போட்டு, இரு பிள்ளை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு எழும்பிப் போனவ.